பிலோமினா நின்ற இடம்

"ஒரு சுரம்கூடப் பிசகலக்கா. அப்புறம் எதுக்கு என்னை வேணாங்கறாரு?"

கேட்டவன் தயாபரன். கரூர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். பாதித் தலை நரைத்தவன்.

நாற்பதைத் தாண்டிய அரசாங்க ஆளைப் போய் 'அவன்' என்கிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சீடனாக வந்து நின்றுவிட்டால் எல்லாரும் 'அவன்'தான்.

அவன் யாரிடம் கேட்டானோ அவர் பிலோமினா. திருச்சி பொன்மலையில், மாதா கோயிலுக்குப் பின்னால், மாடி வீட்டில் குடியிருப்பவர். அடிச்சுரங்களுக்கென்றே உள்ள பேஸ் கிட்டாரில் ஜாஸ் வாசித்து, கடல் தாண்டியும் பேர் வாங்கியவர். பொன்மலையில் அவர் மீன் வாங்கப் போனால் மீன்காரர் தலையைத் தனியாக வெட்டிக் கொடுப்பார். அதற்கு மேல் அங்கே யாரும் அவரைக் கண்டுகொள்வதில்லை.

பிலோமினா காபியை ஒரு வாய் குடித்தார்.

"யாரு வேணாங்கறது?"

"மஸ்தான் பாய்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லலக்கா. நான் வாசிச்சு முடிச்சதும் குச்சி ரெண்டையும் டிரம்ஸ் மேல வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. திரும்பி வரவே இல்ல."

"எந்தக் கடைக்குப் போனாரு?"

"மார்க்கெட் கடைக்கு. அதெல்லாம் எதுக்குக்கா இப்ப?"

"அடேயப்பா, அவ்ளோ தூரமா!" பிலோமினா உச்சுக்கொட்டினார். "அப்ப நெசமாவே பிடிக்கலதான்."

தயாபரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆபீசில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற ஆள். இங்கே மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

விஷயம் இதுதான்.

பிலோமினா, சாக்ஸபோன் ஆல்வின், டிரம்ஸ் மஸ்தான். மூன்று பேரும் பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் ஒன்றாக வாசிக்க ஆரம்பித்தவர்கள். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் அந்த ஹாலுக்கு வந்து வாசித்துவிடுவார்கள்.

போன வருஷம் பிலோமினாவுக்குப் பக்கவாதம். பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. இடது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கச்சேரி நின்றுபோனது.

இந்த வருஷம் ஆல்வின் ஒரே பிடியாக நிற்கிறார். அவருக்கு நுரையீரலில் கோளாறு. அடுத்த வருஷம் ஊதலாமா கூடாதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த வருஷம் வாசித்தே ஆக வேண்டும் என்கிறார்.

அப்படியென்றால் பேஸ் வாசிக்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் கச்சேரி இல்லை.

பிலோமினா ரசிகர் வட்டம் ஒரே குரலில் சொன்ன பேர் தயாபரன். வட்டத்துக்குச் செயலாளரும் அவனேதான்.

சும்மா சொல்லக் கூடாது, அவன் பக்தி சாதாரண பக்தி இல்லை. பிலோமினா எந்த ஊரில் எந்த வருஷம் என்ன வாசித்தார், என்ன கம்பி போட்டிருந்தார், எந்த விரலில் கொப்புளம், எல்லாம் அத்துப்படி. பிலோமினாவே ஏதாவது மறந்துவிட்டால் அவனுக்குத்தான் போன் போடுவார்.

"நீங்க அந்தம்மாவையே கட்டியிருக்கலாம்" என்று அவன் பெண்டாட்டி அவ்வப்போது சொல்வதுண்டு.

"காபி ஆறுது, குடி" என்றார் பிலோமினா.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா மஸ்தான் பாய் ஒத்துக்குவாரு."

"நான் சொல்லி அந்த மனுசன் எதைக் கேட்டிருக்காரு?"

தயாபரன் டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான்.

"உங்ககிட்ட நான் ஒண்ணு சொன்னதே இல்லக்கா. பதினேழு வயசுல, பிளஸ் டூவுல ஃபெயிலாயி, கரூர் ஸ்டேஷன் பிளாட்பாரம் கோடியில போயி நின்னேன். எதுக்குன்னு கேக்காதீங்க. அங்க டீக்கடை ரேடியோல உங்க 'காலைச் சங்கு' ஓடிச்சு. அது முடியட்டும்னு நின்னேன். அதுக்குள்ள வண்டி போயிருச்சு. நான் வீட்டுக்குப் போயிட்டேன்."

பிலோமினா அவனையே பார்த்தார்.

"அன்னையிலேருந்து எனக்கு எல்லாமே நீங்கதான். இப்ப நான் லாயக்கில்லைன்னா, இத்தனை வருசமா நான் என்னத்தைத்தான்கா கேட்டேன்?"

பிலோமினா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எடு. வாசி" என்றார்.

அவன் கொண்டுவந்திருந்த கிட்டாரை உறையிலிருந்து எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். 'காலைச் சங்கு' வாசித்தான்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் காலையில் சங்கு ஊதும்போது ஆட்கள் வேக வேகமாக நடப்பார்களே, அந்த நடைதான் அந்தப் பாட்டு. பேஸ் நடந்துகொண்டே இருக்கும். நடுவில் திடீரென்று நிற்கும். ஒன்றுமே இருக்காது. பிறகு அடியாழத்திலிருந்து ஒரே ஒரு சுரம் வரும், நடை மறுபடி தொடங்கும்.

ரசிகர்கள் அதற்கு வைத்திருக்கும் பேர் 'அந்த இடம்'.

அந்த இடத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். பேராசிரியர் கோமகன் என்று வட்டத்தில் ஒருவர் இருக்கிறார். அது சூனியம், அதிலிருந்துதான் எல்லாம் பிறக்கிறது என்று ஒரு புத்தகமே போட்டுவிட்டார். ஒருத்தர் முழங்கையில் பச்சை குத்திக்கொண்டார். என்ன குத்தினார் என்று கேட்டால், இசைக் குறிப்பு எழுதும் கோடுகள் மட்டும், நடுவில் காலி. வட்டத்துக்கு டி-ஷர்ட் அடித்தபோது தயாபரனும் அதையேதான் போட்டான்.

தயாபரன் அந்த இடத்துக்கு வந்தான். நின்றான். எவ்வளவு நிற்க வேண்டுமோ அவ்வளவு நின்றான். அந்த ஒற்றைச் சுரத்தைப் போட்டான். முடித்தான்.

கண்ணைத் திறந்தபோது பிலோமினா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை எதுக்கு மூடிக்கிட்டே?"

"நீங்க மூடிக்குவீங்களேக்கா. அந்தப் பெரிய ஃபோட்டோல."

"அது அந்தப் பய மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிச்சான்."

தயாபரன் கம்பிகளை உள்ளங்கையால் பொத்தினான்.

"சரி. நடுவுல நின்னியே. யாருக்காக நின்னே?"

"யாருக்காகன்னா? நீங்க நின்னீங்க. நானும் நின்னேன்."

"ம்" என்றார் பிலோமினா. எழுந்து போய் டம்ளர்களைக் கழுவினார். ஒரு கையால் கழுவுகிறவருக்கு உதவப் போகலாமா கூடாதா என்று தெரியாமல் தயாபரன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

பிறகு அவனுக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்கு வந்ததே அதற்கும் சேர்த்துத்தான்.

"அக்கா, உங்களுக்கு ஒரு பரிசு கொண்டாந்திருக்கேன். ரெண்டு வருசமா செஞ்சேன். யாருக்கும் இன்னும் காட்டல."

சின்ன ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தான். போனில் எதையோ தட்டினான்.

பேஸ் கிட்டார் கேட்டது. பேஸ் மட்டும்தான். துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி அப்படி ஒரு சுத்தம்.

பிலோமினா ஈரக் கையோடு வந்து நின்று கேட்டார்.

"யாருப்பா இது?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான்!"

"நானா?"

"இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்குக்கா. நீங்க வாசிச்ச அத்தனை ரெக்கார்டையும் போட்டு, உங்களை மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட்டேன். இனிமே எந்த இடைஞ்சலும் இல்ல."

பிலோமினா இன்னும் கொஞ்சம் கேட்டார். முகத்தில் ஒரு மாதிரிக் கவலை வந்தது.

"ஐயோ பாவம். தன்னந்தனியா உக்காந்து என்ன பண்றா இவ?"

தயாபரனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"மத்தவங்களை எங்கப்பா போட்டே?"

"அழிச்சுட்டேன்க்கா."

"மாதாவே! ரெண்டு பேரும் இன்னும் உசிரோட இருக்காங்களேப்பா."

ஸ்பீக்கர் வாசித்துக்கொண்டே இருந்தது. பிலோமினா போய் அலமாரியைத் திறந்து துணிகளுக்கு அடியில் துழாவினார். ஒரு பழைய கேசட்டும், பழைய வாக்மேனும் கொண்டுவந்தார்.

"இந்தா. என் பரிசு."

தயாபரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "என்னக்கா இது? எங்க லிஸ்ட்ல இல்லையே!"

"எப்படி இருக்கும்? இன்ஸ்டிட்யூட் ஹால்ல வாசிச்சது. அன்னிக்கு ரெக்கார்டருக்குப் போற என் வயர் கழண்டு கெடந்திருக்கு. யாரும் கவனிக்கல. அவங்க ரெண்டு பேரும்தான் பதிவாயிருக்காங்க. நான் வாசிச்சது ஒரு பொட்டுகூட இல்ல."

"அட கடவுளே!"

"நான் தினம் கேக்கறது இதைத்தான்."

"நீங்க இல்லாததையா?"

"எடுத்துட்டுப் போ. இதுல நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிச்சுட்டு வந்து சொல்லு. அப்புறம் மஸ்தானைப் பத்திப் பேசலாம்."

தயாபரன் மின்வாரிய ஆள் அல்லவா. பூமிக்கடியில் கேபிள் எங்கே பழுது என்று தோண்டாமலே சொல்கிறவன். இது என்ன பிரமாதம் என்று நினைத்தான்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். சாக்ஸபோனைக் குறைத்தான், டிரம்ஸைக் குறைத்தான், அடி சத்தத்தைக் கூட்டினான், இன்னும் கூட்டினான். கடைசியில் ஒரு உறுமல் கேட்டது. சந்தோஷத்தில் துள்ளிக் குதித்து, திரும்பக் கேட்டுப் பார்த்தான். ஹாலில் ஓடிய மின்விசிறி.

அடுத்த ஞாயிறு போய் நின்றான்.

"நீங்க இதுல இல்லக்கா."

"அப்படியா?"

"எல்லா விதத்துலயும் பார்த்துட்டேன். ஃபேன்தான் இருக்கு."

"சரி, போயிட்டு வா."

"அக்கா!"

"கம்ப்யூட்டரை மூடி வச்சிட்டுக் கேளு" என்றார் பிலோமினா. "ஆண்டவன் காது எதுக்கு வச்சிருக்கான்?"

தயாபரன் கோபத்தோடுதான் பஸ் ஏறினான். அன்றைக்கு அவனுக்குக் குருவும் பிடிக்கவில்லை, கேசட்டும் பிடிக்கவில்லை. ஆனால் கரூர் போய்ச் சேரும் வரை என்ன செய்வது? வாக்மேனைக் காதில் மாட்டினான்.

சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தது. அது ஆல்வின் என்று தெரியும். ஆனால் இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டதே இல்லை என்று குளித்தலை தாண்டும்போதுதான் தெரிந்தது. எப்போதும் அதற்கு அடியில் இருந்ததைத்தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

'இந்த ஆளு இவ்வளவு நல்லா வாசிப்பாரா!'

அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாளும் கேட்டான். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுகிற இடத்தில் நிற்கும்போது கேட்டான். சாப்பிடும்போது கேட்டான். பெண்டாட்டி ஒருநாள் இயர்போனில் ஒரு பக்கத்தை வாங்கி மாட்டிக் கேட்டுவிட்டு, "இது நல்லாயிருக்கே, யாரு?" என்றாள். பிலோமினா வாசித்ததை எதையுமே அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

கரண்ட் போன தெருவில் நின்று பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். நடந்து போகிற ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆனால் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரைப்பதை வைத்து, ஆள் இப்போது எந்த வீட்டைத் தாண்டுகிறான் என்று சொல்லிவிடலாம்.

தயாபரனுக்கு அப்படித்தான் பிடிபட்டது.

ஆல்வின் ஒரு இடத்தில் தயங்குகிறார். தயங்கியவர் சட்டென்று துணிந்து மேலே ஏறுகிறார். யாரோ கீழே கை கொடுத்திருக்கிறார்கள். மஸ்தான் பாய் வேகமெடுக்கப் பார்க்கிறார். வேகம் எடுக்காமலே அடங்குகிறார். யாரோ தோளைத் தொட்டிருக்கிறார்கள்.

பிலோமினா இருந்தார். எங்கே பார்த்தாலும் இருந்தார்.

அன்று தயாபரன் ஜீப்பில் உட்கார்ந்தபடியே அழுதான். டிரைவர் என்னவோ ஏதோவென்று வண்டியை ஓரம் கட்டினார்.

பிறகு, இந்தப் புதுக் காதோடு முதல் தடவையாக, 'காலைச் சங்கு' கேட்டான். அந்த இடம் வருவதற்குக் காத்திருந்தான்.

அந்த இடம் வரவில்லை.

ஆல்வின் அந்த இடத்தில் நிற்காமல் நேரே போய்விட்டார். மஸ்தானும் போய்விட்டார். எங்கோ தள்ளி, யாரும் எதிர்பார்க்காத ஒரு மூலையில், ஆல்வின் லேசாக இருமினார். மஸ்தான் குச்சியைப் பஞ்சு போல ஆக்கி, பட்டும் படாமலும் தட்டினார். மறுபடி நடை தொடங்கியது.

தயாபரன் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை. அன்று மாலையே பொன்மலைக்கு ஓடினான்.

"நீங்க இருக்கீங்கக்கா!"

"எங்க?"

"ஆல்வின் சார் பயப்படாம போற இடத்துல எல்லாம்."

பிலோமினாவுக்குக் கண் சிரித்தது.

"ஆனா அந்த இடம் அங்க இல்லக்கா! வேற எங்கயோ இருக்கு. அப்ப ரெக்கார்டுல அங்க எதுக்கு நின்னீங்க?"

"என்னைக் கேக்கிறதுக்கு ஆல்வினைக் கேளு. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு."

ஆல்வின் வாசலில் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த எடம் மேன்?"

அவருக்கு அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது. தயாபரன் வாயாலேயே பாடிக் காட்டினான்.

"ஓ, அதா! ரெக்கார்டிங் அன்னிக்கு எனக்குப் பயங்கர சளி மேன். அங்க வரும்போது சுத்தமா மூச்சு போச்சு. அவ பாத்தா, நின்னா. நான் மூச்சு வாங்கினேன். அப்புறம் போனோம்." நாயின் தலையைத் தடவினார். "அது எதுக்கு இப்ப?"

"சும்மாதான் சார்."

"ஆங், நீ ஒரு டி-ஷர்ட் குடுத்தியே. வெறும் கோடு போட்டு, நடுவுல ஒண்ணுமில்லாம. நான் பிரிண்ட் அடிக்க மறந்துட்டானுங்கன்னு நெனச்சேன்."

தயாபரன் ரயிலடியில் உட்கார்ந்து போனை எடுத்தான். பழைய ரெக்கார்டை, எதையும் அழிக்காத பழைய ரெக்கார்டை, போட்டான். அந்த இடம் வந்தது.

ஒரு மனிதன் சிரமப்பட்டு மூச்சு இழுக்கும் சத்தம் அதில் தெளிவாகக் கேட்டது.

சாஃப்ட்வேரில் போட்டபோது தயாபரன் முதல் வேலையாக அழித்தது அதைத்தான். டேப் இரைச்சல் என்று நினைத்திருந்தான்.

மறுநாள் மஸ்தான் பாய் வீட்டுக்குப் போனான்.

"பாய், இன்னொரு தடவை வாசிச்சுப் பாக்கலாமா?"

"யாரோட?"

"உங்களோட. ஆல்வின் சாரோட."

மஸ்தான் பாய் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"போன தடவை யாரோட வாசிச்சீங்க இன்ஜினியர் சார்?"

தயாபரன் தலையைக் குனிந்துகொண்டான். மஸ்தான் பாய் உள்ளே திரும்பி, டீயை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னார்.

ஒத்திகையில் அவர் எழுந்து போகவில்லை. பாராட்டவும் இல்லை. கடைசி நாள் குச்சிகளைப் பையில் போடும்போது, "ஞாயித்துக்கிழமை நேரத்துக்கு வந்துருங்க" என்று மட்டும் சொன்னார்.

கச்சேரி நடக்கப்போகிறது என்றதும் ரசிகர் வட்டம் கரைபுரண்டது. பெங்களூரிலிருந்து ஒரு பஸ், கொச்சியிலிருந்து ஒரு பஸ். எல்லார் மேலும் கோடு போட்ட டி-ஷர்ட்.

ஹால் வாசலிலேயே பேராசிரியர் கோமகன் தயாபரனை மடக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"தயா, அந்த இடத்துக்காகத்தான் எல்லாரும் வந்திருக்கோம். அக்கா கையில இனிமே அது கிடைக்காது. உன் கையிலதான் இருக்கு. கெடுத்துடாதப்பா."

"அது..." என்று ஆரம்பித்தான் தயாபரன்.

பேராசிரியரின் கண் கலங்கியிருந்தது. அவரும் எந்தப் பிளாட்பாரத்திலிருந்து திரும்பி வந்தாரோ, யாருக்குத் தெரியும். தயாபரன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு மேடைக்குப் போனான்.

பிலோமினா முன்வரிசையில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'காலைச் சங்கு' தொடங்கியது. நடை ஓடியது. அந்த இடம் நெருங்க நெருங்க ஹாலில் போன்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன. பேராசிரியர் கையைக் கூப்பிக்கொண்டார். இருமல்கூட இல்லை.

தயாபரனுக்குத் தெரியும். அங்கே நின்றால் போதும். நின்றால் இத்தனை பேரும் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். நிற்பதற்கு எத்தனை வருஷமாகப் பழகியிருக்கிறான்! விரல் தானாகவே நிற்கப் பார்த்தது.

அவன் கண்ணை மூடவில்லை. ஆல்வினைப் பார்த்தான்.

ஆல்வினின் தோள் நிமிர்ந்திருந்தது. நெஞ்சில் காற்று இருந்தது. மனுஷன் நிற்காமல் போக ஆசையாக இருந்தார்.

தயாபரன் நிற்கவில்லை.

அந்த இடம் வந்தது, போனது. ஹால் முழுக்க 'ச்சே' என்று ஒரு சத்தம். போன்கள் இறங்கின. யாரோ ஒருவர் எழுந்தே போய்விட்டார். தயாபரனுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

ஆல்வின் ஏறிக்கொண்டே போனார். ஒத்திகையில் போகாத உயரத்துக்கெல்லாம் போனார். அங்கே, உச்சியில், எந்த ரெக்கார்டிலும் இல்லாத ஒரு இடத்தில், அவர் தோள் லேசாகக் குறுகியது.

தயாபரன் நின்றான்.

மஸ்தான் பாய் குச்சியைப் பஞ்சாக்கினார்.

ஆல்வின் மூச்சு இழுத்தார். நிதானமாக, அவசரமே இல்லாமல், இரண்டாம் முறையும் இழுத்தார். தயாபரன் காத்திருந்தான். அவர் கண் சிமிட்டினார். அடியிலிருந்து ஒரு சுரத்தைப் போட்டான். ஆல்வின் அதன்மேல் கால் வைத்து ஏறிப் போனார்.

அதற்கப்புறம் ஆல்வின் வாசித்ததை என்னால் எழுதிக் காட்ட முடியாது. எழுந்து போன ஆள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

முடிந்ததும் கூட்டம் ஆல்வினைச் சூழ்ந்துகொண்டது. பிலோமினா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கோமகன் பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தார்.

"மன்னிச்சிருங்கக்கா. அவனை நாங்கதான் சொன்னோம். எங்க தப்பு."

"ஆல்வின் இன்னிக்கு வாசிச்சதைக் கேட்டீங்களா?" என்றார் பிலோமினா. "சின்ன வயசுலகூட அவன் இப்படி வாசிச்சதில்ல."

"அவர் வாசிச்சாருக்கா. அது வேற. நான் தயாபரனைச் சொல்றேன். எப்படி வாசிச்சான் பாத்தீங்களா?"

பிலோமினா அவரைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"தயாவா? அவன் வாசிச்சது என் காதுலயே விழலையேப்பா."

மேடையில் குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த தயாபரனுக்கு அது கேட்டது. சுருட்டின வயரை மார்போடு அணைத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று மஸ்தான் பாய்க்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. கையிலிருந்த டீயில் பாதியை இன்னொரு டம்ளரில் ஊற்றி அவன் பக்கத்தில் வைத்தார்.